மூன்று பவுண்டு

பாடாங் செராய் பெட்ரோல் நிலையத்துக்கு எதிரே
மூன்றாவது தடவையாக நின்றுபோனது என் ஃபோர்டு.
நாற்பத்தொன்பதாம் வருடத்து ப்ரீஃபெக்ட்.
உள்ளே இருப்பது மட்டும்
எங்கோ சாக்கடையில் கவிழ்ந்த டாட்சனின் எஞ்சின்,
அதன் தலையில் இரட்டை வாய் வெபர்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்காரன்
“அக்கா, கீழே கொட்டுது!” என்று கத்திவிட்டுப் போனான்.
தெரியும் தம்பி.
கார்புரேட்டர் தொண்டை நிறைந்து
சூடான மேனிஃபோல்டில் வழிகிற வாசனை
என் சோற்றில்கூட இருக்கிறது.

ஷுக்ரியும் நானும் தள்ளினோம்,
ஆலைச் சப்பாத்தோடு அவன்,
தராசு மேடைச் சீருடையோடு நான்.

முதல் சனிக்கிழமை ஊசியை மாற்றினோம்.
இருபத்திரண்டு வெள்ளி.
அடுத்த சனி
மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினேன்.
உள்ளே சலசலத்தால் ஓட்டை.
சலசலக்கவில்லை.
நம்பாமல்
மைலோ குவளை வெந்நீரில் அமுக்கிப் பிடித்தேன்.
விரல்தான் வெந்தது,
ஒரு குமிழி வரவில்லை.
நல்ல மிதவை.
எனக்கு ஏனோ கோபம் வந்தது.
ஓட்டை இருந்திருந்தால்
ஈயம் வைத்து அடைத்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

பிளக்குகளைக் கழற்றினால் நாலும் கறுப்பு,
நாலும் ஈரம்.
துடைத்து மாட்டினால் கால் மணி நேரம் ஓடும்,
பிறகு இருமும்,
பிறகு பழைய கதை.

ஆலை ஆய்வுக்கூடத்தில் கழித்துப் போட்ட
அழுத்தமானி ஒன்றை ஷுக்ரி கொண்டுவந்தான்.
கண்ணாடியில் கீறல்,
பதினைந்து வரைக்கும் எண்கள்.
குழாயை அறுத்து நடுவில் செருகினோம்.
சாவியைத் திருப்பினேன்.
முள் எழுந்தது,
மூன்றை நின்று பார்க்காமல் தாண்டியது,
ஐந்து,
ஏழில் போய் நடுங்கியது.
“அடோய்” என்றான் ஷுக்ரி.

வெபருக்கு மூன்று பவுண்டு போதும்.
நெல்மணி அளவு ஊசி
மிதவையின் சொல் கேட்டு வாசலை மூடும்,
ஏழு பவுண்டு முதுகில் ஏறினால்
அது என்ன செய்யும்?

பம்ப் இன்பநாதன் அனுப்பியது.
சிங்கப்பூரிலிருந்து, இரண்டு மாத ஓவர்டைம் காசில்,
நீலக் காகிதம் சுற்றி.
“உனக்கென்று இருக்கிறதிலேயே பெரிசா வாங்கினேன்”
என்று குரல் அனுப்பியிருந்தான்.
காலையில் ஒரு குரல், மதியம் ஒன்று,
நான் லோரி எடை எழுதும்போது ஒன்று,
படுத்த பிறகு இரண்டு.

“பம்பை மாத்திரு, மலிவா முடியும்” என்றார் கோக் வா தவுக்கே.
நான் தலையாட்டினேன்.
ஆனால் கையில் வாங்கியது ரெகுலேட்டர்.
நாற்பத்தெட்டு வெள்ளி.

அரைத் திருகு. ஆறு.
இன்னும் கொஞ்சம். நாலரை.
பிறகு மூச்சு விடாமல்
நகக்கண் அளவு,
மறுபடி நகக்கண் அளவு.
மூன்று.
கார்புரேட்டர் அடியில் டிஷ்யூ விரித்து
சூடேறும்வரை ஓடவிட்டோம்.
நிறுத்தினோம். பத்து நிமிடம்.
ஷுக்ரி ரொக்கோ பிடித்தான்,
தள்ளி நின்று, வேலிக்கு அந்தப் பக்கம்.
மறுபடி முடுக்கினேன்.
டிஷ்யூ வெள்ளையாகவே கிடந்தது.

அன்றிரவு இன்பநாதன் கேட்டான், பம்ப் எப்படி?
“நல்லா இழுக்குது” என்றேன்.
ரெகுலேட்டரைப் பற்றிச் சொல்லவில்லை.
லீவுக்கு வந்து பானெட்டைத் திறந்தால்
அவனே பார்ப்பான்,
அவன் பம்புக்கும் என் கார்புரேட்டருக்கும் நடுவே
உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டு.

ஞாயிறு காலை, சந்தைக்குப் போகிற வழி.
பெட்ரோல் நிலையத்துக்கு எதிரே,
அதே இடம்,
நின்றுவிட்டது.

ஷுக்ரி குனிந்து மோந்தான்.
நான் மோந்தேன்.
வாசனையே இல்லை.
இத்தனை வாரம் ரோட்டில் கொட்டிய கணக்கை
யாரும் எழுதி வைக்கவில்லை.
டேங்க் காலி.

சிரித்துச் சிரித்துத் தள்ள முடியவில்லை.
இருக்கையில் கைப்பேசி
அடித்துக்கொண்டே இருந்தது.
ரோட்டைக் கடந்து
பம்பின் முன்னால் நிறுத்தியதும்
எடுத்தேன்.